இருபதுக்குப் போர் அடித்த இஞ்சின்

"எவ்வளவு முடியும்?" என்று கேட்டுக்கொண்டே பட்டறைக்குள் வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இஞ்சின் இன்னும் வண்டிலை விட்டு இறங்கியிருக்காது. மூடியைக்கூட நான் திறந்திருக்க மாட்டேன். உள்ளே பிஸ்டன் உருகிக் கிடக்கிறதா, பேரிங் பொடிப்பொடியாகிப் போனதா, படைத்தவனுக்குத்தான் தெரியும். அதற்குள் விலை வேண்டுமாம். "நான் என்ன சாத்திரமா பாக்கன்? கழட்டினாத்தானே தெரியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். இதனால் போன வாடிக்கைகள் அதிகம். போகட்டும்.

கல்முனையில் கடற்கரை வீதியில் என் பட்டறை. மீன்பிடிப் படகுகளின் பின்னால் தொங்கும் வெளியிணைப்பு இஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதுதான் என் தொழில். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த இஞ்சினுக்குள் இரண்டு துவாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். நாளாக நாளாகத் துவாரத்தின் சுவர் தேயும், கீறல் விழும். அப்போது அதை லேத் கடைக்குக் கொண்டுபோய் மயிரளவு கடைந்து பெருப்பிக்க வேண்டும். அதற்குத்தான் போர் அடிப்பது என்று பெயர். பெருத்த துவாரத்துக்குப் பெருத்த பிஸ்டன். முதல் தடவை அடித்தால் பத்து, அடுத்த தடவை இருபது. அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று கணக்கு. ஜப்பான்காரன் பிஸ்டனின் தலையில் மில்லிமீட்டரில் வேறு எண் குத்தி அனுப்புவான். அது அவன் பாடு, எங்களுக்குப் பத்தும் இருபதும்தான். இருபதுக்கு மேலே அந்த இஞ்சினுக்குப் பிஸ்டன் கிடைக்காது.

ஒரே இஞ்சினுக்குப் பத்தும் இருபதும் நானே பார்த்த கதை ஒன்று இருக்கிறது. பாண்டிருப்பில் கடல் தொழில் செய்த தமிழ் அண்ணன் ஒருவருடைய இஞ்சின் அது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் தம்பி என்பார்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் பட்டறை போனது. வீட்டின் பின்பக்கம் போனது. உம்மாவின் தங்கை, என் சாச்சியும் அவவின் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். நாலு நாள் செத்தவர்களின் மையத்து எடுத்தோம், கபுறுக் குழி வெட்டினோம், அடக்கினோம், இதைத் தவிர வேறு வேலை இல்லை. ஐந்தாம் நாள் நான் ஒரு தள்ளுவண்டிலை எடுத்துக்கொண்டு இஞ்சின் பொறுக்கப் போனேன். ஊர் என்னைப் பைத்தியம் என்றது. சொல்லட்டும் என்று விட்டேன். உப்புத் தண்ணீர் குடித்த இஞ்சினை அப்படியே வெயிலில் காய விட்டால் ஒரு கிழமையில் துரு தின்று முடித்துவிடும். டீசலுக்குள் முக்கி வைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, அப்படியானால் நான்தானே போக வேண்டும்? கிணற்றுக்குள் ஒன்று கிடந்தது. தென்னை வட்டுக்குள், ஓலைகளுக்கு நடுவில், ஒன்று சொருகியிருந்தது. பள்ளிவாசல் ஹவுளுக்குள், தொழ முன்னால் கைகால் கழுவி வுழூச் செய்கிற தொட்டித் தண்ணீருக்குள், ஒன்று தலைகீழாகக் கிடந்தது. டீசல் பீப்பாய்கள் நாலு நிறைந்துவிட்டன. அழுகையெல்லாம் அழுது முடித்த பிறகு அன்றைக்குத்தான் என் கைக்கு உயிர் வந்தது.

அந்த அண்ணன் ஏழாம் நாள் வந்தார். சைக்கிள் கரியரில் மணல் அப்பிய இஞ்சின் ஒன்றைக் கட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மூடியைச் சுமந்துகொண்டு அவருடைய மகள். இருபது வயது இருக்கும். பெண்சாதியைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டில் மிச்சம் அவர்கள் இருவரும்தான். அந்த நாட்களில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் போக்குவரத்து அவ்வளவு நல்லாக இல்லை. எல்லை வீதியைத் தாண்டி வருவதற்கே ஆள்கள் யோசிப்பார்கள். அவர் யோசிக்கவில்லை.

"தம்பி, இது எழும்புமா?"

நான் பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். மணல்தான். ஆனால் பிஸ்டன் அசைந்தது.

"மையத்து இல்ல அண்ணன், மயக்கம்தான்" என்றேன்.

மூன்று நாள் அந்தப் பிள்ளை என் பட்டறையில் குந்தியிருந்து பல் துலக்கும் பிரஷால் மணல் துடைத்தது. காபரேட்டரின் ஊசித் துளைகளுக்குள் தன் தலைமுடியை விட்டு இழுத்துச் சுத்தமாக்கியது. கரை ஒதுங்கிய அம்மாவை அடக்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. இஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்தமாக ஒரு மகள் இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெண்சாதியிடம் சொன்னேன். "உங்களுக்கு மகளும் ஸ்பேனரோடதான் வேணும்" என்றா அவ.

துவாரத்தை மணல் கீறியிருந்தது. பத்துக்குப் போர் அடித்து, கிடைத்த பிஸ்டனைப் போட்டு எழுப்பினோம். இதிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் படிவத்தில் 'இஞ்சின் உண்டா' என்று கேட்டார்கள். இவர் உண்மையை எழுதினார், உண்டு என்று. ஆகவே புது இஞ்சின் கிடையாது. கடல் தண்ணீரில் கால் நனைக்காதவனெல்லாம் பளபளவென்று புது இஞ்சின் வாங்கி அடுத்த கிழமையே விற்றான். நான் போய்ச் சத்தம் போட்டேன். படிவம் படிவம்தான் என்றார்கள்.

மகள் அடுத்த வருடம் முல்லைத்தீவுப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன சில மாதங்களில் சண்டை மறுபடி தொடங்கி, வடக்குக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஒரு குழந்தை பிறந்ததாகக் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை. சண்டை அந்தப் பக்கம் இறுகிக்கொண்டு போக, அவர் என் பட்டறை ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கப் பழகினார். செய்தி முடிந்ததும் போய்விடுவார். மகள் இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை எந்த ரேடியோ சொல்லும்?

சண்டை முடிந்த அந்த வருடம், கடல் அமைதியாகிச் சூடை மீன் படத் தொடங்கிய காலத்தில், நடுக்கடலில் அவருடைய இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. துடுப்பு வலித்துக் கரைக்கு வந்து சேர்ந்தார். கழற்றிப் பார்த்தால் தண்ணீர் பம்புக்குள் இருக்கிற ரப்பர்ச் சக்கரத்தில் ஓர் இதழ் பாக்கி இல்லை. உள்ளங்கையளவுச் சாமான். கடல் தண்ணீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர வைப்பது அதுதான். அது போனதால் சூடேறி, மேல் பிஸ்டன் உருகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"இத வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொன்னனா இல்லயா?" என்று கத்தினேன்.

"சொன்னாய்."

"மாத்தினீங்களா?"

"மறந்திட்டன் தம்பி. மனசு இஞ்ச இல்ல."

அதற்கு மேல் என்னால் ஏச முடியவில்லை. ஏசாமல் இருப்பது எனக்குக் கஷ்டம், அதனால் பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.

பட்டியல் எழுதும்போது வருகிற உற்சாகம் எனக்குப் பெருநாளுக்கு உடுப்பு எடுக்கும்போதுகூட வருவதில்லை. பிஸ்டன் இரண்டு, ரிங் இரண்டு சோடி, பிஸ்டன் பின், அதன் இரு நுனிக்கும் கிளிப். கனெக்டிங் ராட் இரண்டு, அதன் ஊசி பேரிங்குகள். கிராங் பேரிங் மூன்று. மேலும் கீழும் ஓயில் சீல். கேஸ்கட் ஒரு செட். பிளக் இரண்டு. அந்தப் பாழாய்ப்போன ரப்பர்ச் சக்கரம். காபரேட்டருக்கு ஊசியும் மிதவையும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை உண்டு. ஜப்பான் சாமான் ஒரு விலை, தாய்வான் சாமான் அதில் பாதிக்கும் குறைவு. பிஸ்டன் ஒன்று ஜப்பான் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு, தாய்வான் ஆயிரத்து எண்ணூறு. எல்லாம் ஜப்பானில் போட்டால் லேத் கூலியோடு நாற்பதாயிரத்தைத் தொடும். புது இஞ்சின் இரண்டு லட்சம்.

"தாய்வான் போட்டா ரெண்டு வருசம் ஓடும். ஜப்பான் போட்டா நீங்க கடல விடுமட்டும் ஓடும்" என்றேன்.

சீட்டுக் காசு கையில் இருந்தது அவருக்கு. "ஜப்பானே போடு" என்றார். அந்தப் பதில் எனக்குச் சீனி தின்றது போல இருந்தது.

கொழும்பில் உதிரிச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நானே பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினால் தாய்வானை ஜப்பான் பெட்டிக்குள் போட்டுத் தந்துவிடுவான்கள். அங்கே ஒரு கடையில் பிஸ்டனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நகத்தால் தட்டிக் கேட்டு, இன்னொரு கடையில் ரிங்கின் ஓரத்தை நாக்கால் தடவிப் பார்த்து, கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க எல்லாம் வாங்கினேன். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பையைக் கவிழ்த்தார்கள். மினுங்குகிற உருளை இரண்டு, சின்னச் சின்ன உருண்டைகள், பார்த்தால் குண்டுச் சாமான் மாதிரி, அடையாள அட்டையில் சிங்களம் இல்லாத என் பெயர். அந்தக் காலத்தில் இது போதும் ஓர் ஆளை உள்ளே போட. என் சிங்களம் மீன் விலை கேட்கிற சிங்களம். "இஞ்சின், மாத்தயா, போட்டு இஞ்சின்" என்று சொல்லிப் பிஸ்டனை முஷ்டிக்குள் வைத்து மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன், வாயால் இஞ்சின் சத்தமும் போட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. பையைக் கவிழ்த்த ஆமிக்காரரும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். முதுகு வியர்த்து ஒட்டிப்போயிருந்தது எனக்கு.

இஞ்சின் உடலையும் கிராங்கையும் அக்கரைப்பற்றில் லேத் வைத்திருக்கும் என் மச்சானிடம் கொடுத்தேன். பெண்சாதியின் தம்பி. ஒரு சந்தேகம் இருந்தது. மேல் துவாரத்தில் கீறல் ஆழமாக விழுந்திருந்தது. இருபதுக்கு அடித்த பிறகும் அந்தக் கீறல் போகாவிட்டால் எல்லாம் வீண். வாங்கி வந்த பிஸ்டனை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "இது இந்த இஞ்சினுக்குக் கடைசிப் போர், பாத்துச் செய்" என்று மச்சானிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

கிராங் முதலில் திரும்பி வந்தது. அதில் பேரிங் ஏற்ற வேண்டும். பேரிங்கை எண்ணெயில் சூடாக்கினால் அது கொஞ்சம் விரியும், வழுக்கிக்கொண்டு ஏறும். பட்டறை அடுப்பில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதால் குசினிக்குள் போய்த் தாச்சியில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பேரிங்கைப் போட்டேன். பெண்சாதி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றா.

"இண்டைக்கென்ன, பேரிங் பொரியலா?"

"அஞ்சு நிமிசம் புள்ள."

"அந்தத் தாச்சியில நான் இனி மீன் பொரிப்பனா? அதையும் எடுத்துப்போய் அந்த இஞ்சினுக்கே பூட்டுங்க."

பேரிங் மூன்றும் கிராங்கில் விரலால் தள்ளவே ஏறின. சுத்தியல் தொடவில்லை. நான் குசினிக்குள்ளேயே ஒரு துள்ளுத் துள்ளினேன். அவவும் சிரித்துவிட்டா. ஆனால் தாச்சி புதிதாக வாங்க வேண்டி வந்தது, அதையும் நான் அந்த இஞ்சினின் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது.

எங்கள் ஊரில் போர் என்ற சொல்லை ஆள்கள் வாயால் சொல்வதில்லை. சண்டை என்போம், பிரச்சினை என்போம். போர் என்றால் எனக்கு லேத்தில் செய்வது மட்டும்தான். ஆனால் அந்தக் கிழமைகளில் ரேடியோக்காரன் காலையிலும் மாலையிலும் இறுதிப் போர், இறுதிப் போர் என்று ஓதிக்கொண்டிருந்தான். ஊர்க் காது அதற்கே பழகியிருந்தது. இது என் புத்தியில் ஏறவில்லை.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தின பின்னேரம். பட்டறை வாசலில் அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றார். மச்சான் லேத் சத்தத்துக்கு மேலால் ஃபோனில் கத்தினான்: "மச்சான், போர் முடிஞ்சி! கீறல் ஒண்டும் இல்ல, கண்ணாடி. வந்து எடு."

இருபதில் கீறல் போய்விட்டது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஃபோனைப் பிடித்தபடியே வாசலுக்கு ஓடி, வீதி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"அண்ணன், போர் முடிஞ்சி! போர் முடிஞ்சி!"

பக்கத்துத் தையல்கடையில் மெஷின் நின்றது. போய்க்கொண்டிருந்த ஆட்டோ நின்றது. "எந்த ரேடியோவில காக்கா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை நெஞ்சில் வைத்தார். ஒரு நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். சந்தியில் காவல் நின்ற ஆமிக்காரர் ஒருவர் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். "முடிஞ்சதா? யார் சொன்ன?" என்று உடைந்த தமிழில் கேட்டார். அவருடைய முகத்தில் ஊருக்குப் போகிற ஆசை அப்படியே தெரிந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மணலில் ஊன்றி என்னை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப பாத திறப்பானுகளா தம்பி? போய்ப் பாக்கலாமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மடையன் நான். உள்ளே ஓடி, வாங்கி வைத்திருந்த பிஸ்டனை எடுத்து வந்து உயர்த்திப் பிடித்து, இந்தப் போர்தான், இஞ்சின் போர், அக்கரைப்பற்றில் முடிந்தது என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் ஏசினார்கள். ஆமிக்காரர் சந்திக்கே திரும்பிப் போனார். அண்ணன் எழும்பி மணலைத் தட்டினார்.

"பரவாயில்ல தம்பி" என்றார். "ஒரு நிமிசம் மனசுக்குள்ள பஸ் ஏறிட்டன்."

வெட்கத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். காலையில் நான் பட்டறை திறக்கும் முன்னே வந்து நிற்பார். "எப்ப முடியும்? நாளைக்கா? வெள்ளிக்கா?" என்று நச்சரித்தார். பிஸ்டன் பெட்டி, பேரிங் பெட்டி, கேஸ்கட் உறை, ஒன்றையும் எறிய விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் அடுக்கினார். சாமான் மீது இவ்வளவு ஆசையா என்று எனக்குள் சந்தோஷம். நானும் சோறு தண்ணி பாராமல் பூட்டினேன். ரிங்குகளின் வாய் எதிரெதிராக வர வைத்தேன். பிஸ்டனை எண்ணெய் தடவித் துவாரத்துக்குள் விட்டபோது அது தன் பாரத்தில் மெதுவாக இறங்கியது. அந்த இறக்கத்தைப் பார்த்தவன் வேறு வேலைக்குப் போக மாட்டான்.

பூட்டி முடிக்கும் முன்பே சண்டை உண்மையாக முடிந்துவிட்டது. இந்தத் தடவை டீவியில் சொன்னார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், ஆமிக்காரர்கள் பாற்சோறு நீட்டினார்கள். எங்கள் ஊரில் ஆள்களுக்கு மூச்சு வந்தது, எனக்கும் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பாற்சோற்றை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தால் அண்ணன் வாசலில் நிற்கிறார். அந்தச் சோற்றை என்னால் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"முடிச்சிட்டியா தம்பி?" என்றார். இஞ்சினைத்தான் கேட்டார்.

நாலாம் நாள் பாண்டிருப்புக் கடற்கரையில் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் நிறைத்த பீப்பாயில் இஞ்சினைக் கொழுவினேன். பெற்றோலில் எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கயிற்றை ஒரு இழுவை. ஒன்றும் இல்லை. இரண்டாவது. இருமியது. மூன்றாவது இழுவையில் பிடித்துக்கொண்டது. நீலப் புகை தள்ளி, தடுமாறி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. பக்கத்துத் துளையால் தண்ணீர் சீறி வந்தது. குளிர்ச்சி நல்லாக ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். "மூத்திரம் போகுது, புள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று நான் கத்தினேன். கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே ஒலுவிலிலிருந்து வந்த ஒருவரும் நின்றார். யாரோ பங்காளி என்று நினைத்தேன். அவர் குனிந்து சத்தம் கேட்டார். அண்ணன் அந்தச் சொப்பிங் பையைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஜப்பான், ஜப்பான், ஜப்பான். அந்த ஆள் தலையாட்டினார். மடித்த காசை எடுத்து நீட்டினார். தொண்ணூறாயிரம்.

"என்னது இது? விக்கிறீங்களா? நான் ஆருக்குப் பூட்டினன்? நீங்க கடல விடுமட்டும் ஓடும் எண்டு சொல்லித்தானே பூட்டினன்? என்ன கேக்காம எப்பிடி விப்பீங்க?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். என் இஞ்சினா அது? இல்லை. அப்படியும் கத்தினேன்.

அவர் காசை வாங்கி மடியில் செருகிக்கொண்டு சொன்னார்.

"சண்டைக்குள்ள இருந்து தப்பி வந்தவங்கள வவுனியாவில முள்ளுக்கம்பிக்குள்ள வச்சிரிக்காங்களாம் தம்பி. லட்சக்கணக்கில சனம். எத்தன நாள் நிண்டு தேட வேணுமோ, ஆராருக்கு என்ன குடுக்க வேணுமோ, தெரியா. ஓடாத இஞ்சினுக்கு இரும்பு விலதானே? நீ போர் முடிஞ்சிண்டு கத்தின அண்டைக்கே இத விக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன்."

ஒலுவில்காரருக்கு முதல் பத்து மணித்தியாலம் எண்ணெய் கூடக் கலந்து மெதுவாக ஓட்டச் சொன்னேன். ரப்பர்ச் சக்கரத்தை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி மூன்று தரம் சொன்னேன். அண்ணன் அடுத்த நாள் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஃபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பேன். மச்சானாக இருந்தால் அவனுக்கு ஏச்சு விழும். பெண்சாதி ஒவ்வொரு தொழுகையிலும் அந்தப் பிள்ளைக்காகக் கேட்டா. கதைத்தால் அதைப்பற்றித்தான் கதைப்போம்.

ஒரு பகல் அவர் ஃபோனில் கூப்பிட்டார். சுற்றி ஒரே இரைச்சல், ஆள்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.

"கண்டுட்டன் தம்பி. இரிக்கா. புள்ளையும் இரிக்கி. மருமகன் இல்ல."

நான் பட்டறை நடுவில் நின்று அழுதேன். அவரும் அழுதிருப்பார், அந்த இரைச்சலில் தெரியவில்லை.

"கம்பிக்கு அங்கால அவ, இஞ்சால நான்" என்றார். "அஞ்சு நிமிசம்தான் விட்டாங்க. மெலிஞ்சி போனா. தன்னப்பத்தி ஒண்டும் சொல்லல்ல. கடலுக்குப் போறீங்களா அப்பா, இஞ்சின் ஓடுதா எண்டு கேட்டா. வெளிய வந்தா இந்தப் புள்ளக்கிச் சோறு இரிக்குமா எண்டுதான் கேக்கா, எனக்கு விளங்கிச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓடுதெண்டு சொன்னன். பொய் இல்லத்தானே தம்பி?"

போன கிழமைதான் ஒலுவிலுக்குப் போய் அந்தப் படகில் ஏறிப் பிளக்கைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"பொய் இல்ல அண்ணன்" என்றேன். "நல்லா ஓடுது."